‘உன் பேரு எனக்குத் தெரியாது!’

கணினி ஆங்கிலத்தில் பெயர் கேட்க வேண்டும். பிள்ளை தன் பெயரைத் தட்டிவிட்டு என்டர் அழுத்த வேண்டும். “வணக்கம், இன்னார்!” என்று கணினி பதில் சொல்ல வேண்டும். இரண்டே வரி நிரல். முதல் நாள் பாடம் அவ்வளவுதான்.

எட்டுப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்க, அந்தப் பெண் தன் பெயரைத் தட்டினாள். திரையில் ஆங்கிலத்தில் நாலைந்து வரி கடகடவென்று வந்து விழுந்தது. கடைசி வரியைப் பக்கத்தில் இருந்த பையன் எட்டிப் பார்த்துச் சத்தமாகத் தமிழில் சொன்னான்: “உன் பேரு எனக்குத் தெரியாதுங்குது!”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கு மேல் ஒன்று சொன்னேன் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மலையைப் பார்த்துப் போனால் செண்பகத்தோப்பு. காட்டழகர் கோயிலுக்கும் பேச்சியம்மன் கோயிலுக்கும் போகிறவர்கள், மீன்வெட்டிப்பாறையில் தண்ணீர் விழுகிறதா என்று பார்க்கப் போகிறவர்கள் எல்லாருக்கும் அந்தப் பாதை பழக்கம். 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு அது. 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்துவிட்டது. காட்டுக்கு முன்னால் மாந்தோப்பும் தென்னந்தோப்பும். அதில் ஒன்று எங்கள் பெரியப்பாவுடையது. மோட்டார் ரூமை ஒட்டி ஒரு தாழ்வாரம், ஒரு டியூப் லைட், இரண்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதுதான் எங்கள் கம்ப்யூட்டர் வகுப்பு. கோடை விடுமுறையில் சனிக்கிழமை தோறும், மாலை ஐந்து மணிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். இருட்டினால் யானை இறங்குகிற இடம்.

நான் சென்னையில் பன்னிரண்டு வருடம் மென்பொருள் கம்பெனியில் இருந்தவள். கொரோனா காலத்தில் ஊருக்கு வந்து, வீட்டிலிருந்தே வேலை என்று ஆகி, அப்படியே தங்கிவிட்டேன். மாமரத்தடியில் பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டே இருப்பதைப் பார்த்துப் பெரியப்பாதான் சொன்னார், “நீ படிச்சதுல எதையாவது இதுகளுக்குச் சொல்லிக் கொடேன்.”

எதைச் சொல்லிக் கொடுப்பது என்று யோசித்துக் கறுப்புத் திரையைத் தேர்ந்தெடுத்தேன். சினிமாவில் ஹேக்கர்கள் விறுவிறுவென்று தட்டுவார்களே, அந்தத் திரை. மவுஸால் அழுத்தாமல், கட்டளையை எழுத்தாகவே தட்டி வேலை வாங்குவது. டெர்மினல் என்பார்கள். அதற்குப் பழைய கணினியே போதும். நெட் வேண்டியதில்லை, மலையடிவாரத்தில் சிக்னல் வருவதும் போவதுமாகத்தான் இருக்கும். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்திலும் பைதான் மொழி இருக்கிறது. அப்போது எனக்கு எல்லாம் பொருத்தமாகத்தான் தெரிந்தது.

என் லேப்டாப்பில் விண்டோஸ். அதில் பாடத்தை எழுதி, ஓட்டிப் பார்த்து, பிரின்ட் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். ‘பைதான்’ என்று தட்டவும், ஒரு இடைவெளி விட்டுக் கோப்பின் பெயரைத் தட்டவும் என்று அதில் இருந்தது.

பிள்ளைகள் கொண்டு வந்தது என்ன தெரியுமா? இரண்டு விண்டோஸ் 10. மாமா கடையிலிருந்து வந்த, ஓரம் உடைந்த ஒரு விண்டோஸ் 7. பெங்களூரில் இருக்கும் சித்தப்பா பழசானதும் தந்த ஆப்பிள் மேக்புக் ஒன்று. வெறும் ஆண்ட்ராய்டு போனோடு இரண்டு பேர். லேப்டாப்பும் இல்லாமல் போனும் இல்லாமல் வேடிக்கை பார்க்க வந்த ஒரு குட்டிப் பையன். அப்புறம், மம்சாபுரத்திலிருந்து சைக்கிளில் வந்த அந்தப் பெண். பிளஸ் டூ போகப் போகிறவள். அவள் பையில் இருந்தது அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப். 2014-ல் அவள் அக்காவுக்குக் கொடுத்தது. அக்கா கல்யாணமாகித் திருப்பூர் போனபோது விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். பேட்டரி எப்போதோ போய்விட்டது, ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும்.

2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் லேப்டாப்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டுப் பரணிலேயே ஒன்று கிடக்கலாம். அதில் இரண்டு இயங்குதளங்கள் போட்டுக் கொடுத்தார்கள். ஒன்று விண்டோஸ். மற்றது ‘பாஸ்’ எனப்படும் பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-ல் வெளியிட்ட லினக்ஸ் வகை. லேப்டாப்பைத் திறந்தால் எது வேண்டும் என்று கேட்கும். பெரும்பாலான வீடுகளில் பாஸ் பக்கம் போனதே இல்லை. இந்தப் பெண்ணின் லேப்டாப்பில் விண்டோஸ் பக்கம் என்றோ கெட்டுப்போய், பாஸ் மட்டும் உயிரோடு இருந்தது.

அந்த லேப்டாப்தான் அவள் பெயர் தெரியாது என்று சொன்னது.

நான் திரையைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. “ஓ, இதுல லினக்ஸா இருக்கு? அடுத்த வாரம் கடையில கொடுத்து விண்டோஸ் போட்டுட்டு வந்துரும்மா” என்றேன்.

அதே நேரத்தில் மேக்புக் பையனுக்கும் பாடம் ஓடவில்லை. ‘பைதான்’ என்ற கட்டளையே கிடையாது என்றது அவன் கணினி. அவனிடம் நான் என்ன சொன்னேன்? “ஆப்பிள்ல எனக்கு அவ்வளவா பழக்கம் இல்லப்பா, நான் பார்த்துச் சொல்றேன்.” யாரும் சிரிக்கவில்லை. விலை உயர்ந்த மெஷின் ஓடாவிட்டால் டீச்சருக்குத் தெரியவில்லை. இலவச மெஷின் ஓடாவிட்டால் மெஷின் சரியில்லை. இந்தக் கணக்கு எனக்கே அப்புறம்தான் உறைத்தது.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. வீட்டில் வேலை இருக்கும் என்று நினைத்தேன். அதற்கடுத்த வாரமும் வரவில்லை. கேட்டதற்கு ஒரு பிள்ளை சொன்னது, “அவ லேப்டாப் ஆகாதாம்க்கா. கடையில காட்டுனாங்களாம். இந்தப் பழசுக்குச் செலவு பண்றது வேஸ்ட்டுன்னுட்டாங்களாம்.”

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து, அந்தப் பையன் விளையாட்டாகப் போனில் எடுத்து குரூப்பில் போட்டிருந்த படத்தைத் திறந்து, அந்த நாலைந்து வரிகளை முதல் முறையாக ஒழுங்காகப் படித்தேன். படித்த மறுநிமிஷம் புரிந்துவிட்டது. தொழிலே அதுதானே எனக்கு. கம்பெனியில் நான் பார்த்தது சோதனை வேலை. ஒரு செயலி இந்தக் கணினியில் ஓடுகிறதா, அந்த பிரவுசரில் ஓடுகிறதா, பழைய போனில் ஓடுகிறதா என்று சம்பளம் வாங்கிக்கொண்டு பன்னிரண்டு வருடம் பார்த்தவள், என் பாடத்தை என் ஒரு லேப்டாப்பைத் தவிர வேறு எதிலும் ஓட்டிப் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். பைதான் மொழியில் 2 என்று ஒரு தலைமுறை, 3 என்று ஒரு தலைமுறை. மூன்றாவது வந்தது 2008 கடைசியில். இரண்டாவதற்கு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு ஆதரவு நின்றுபோனது. பெயர் கேட்கும் அந்த ஒரு சொல் இரண்டிலும் உண்டு. ஆனால் நடந்துகொள்வது வேறு. 3-ல் நீங்கள் எதைத் தட்டினாலும் அதை வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். 2-லோ, தட்டியதை நிரலின் ஒரு பகுதியாக நினைத்துக் கணக்குப் போடப் பார்க்கும். அவள் பெயரைத் தட்டியதும், ‘இந்தப் பெயரில் முன்னால் எதையாவது எடுத்து வைத்திருக்கிறோமா’ என்று தேடியிருக்கிறது. இல்லை. அதனால் ‘இந்தப் பெயர் வரையறுக்கப்படவில்லை’ என்று சொல்லிவிட்டது. பழைய லினக்ஸ்களில் வெறுமனே ‘பைதான்’ என்றால் 2 வந்து நிற்கும். 3-உம் அதே லேப்டாப்பில்தான் இருந்தது. கூப்பிடுகிற பெயர்தான் வேறு: ‘பைதான்3’. ஒட்டினாற்போல ஒரு எண். அவளுக்குத் தேவைப்பட்டது விண்டோஸ் இல்லை, ஒரு 3.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கால் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு மம்சாபுரம் போனேன். அவள் அம்மா ராஜபாளையத்தில் ஒரு மில்லுக்குப் போகிறவர். ஞாயிறு என்பதால் வீட்டில் இருந்தார். “வாங்க டீச்சர்” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். “கடையில கேட்டோம் டீச்சர். புதுசு வாங்குறதுன்னா இப்போதைக்கு முடியாது. அடுத்த வருஷம் பார்க்கலாம்னு சொல்லிருக்கேன்.”

எனக்குத் தொண்டை அடைத்தது. “புதுசெல்லாம் வேண்டாம்க்கா. அந்த லேப்டாப்பைக் கொஞ்சம் எடுக்கச் சொல்லுங்க” என்றேன்.

தரையில் பாயைப் போட்டு, ஒயரைச் சொருகி, திறந்தோம். அது கண் விழிக்கவே நாலு நிமிஷம் ஆனது. “இந்தத் தடவ ‘பைதான்’ கூட ஒரு மூணு சேர்த்துத் தட்டு” என்றேன். தட்டினாள். பெயர் கேட்டது. தயங்கித் தயங்கி ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினாள். என்டர் அழுத்தும்போது என்னைப் பார்த்தாளே தவிரத் திரையைப் பார்க்கவில்லை.

வணக்கம் வந்தது, அவள் பெயரோடு.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள், “அப்ப லேப்டாப் நல்லாத்தான் இருக்காக்கா?”

“லேப்டாப்பும் நல்லா இருக்கு. நீயும் சரியாத்தான் தட்டுன. நான் எழுதுனதுதான் தப்பு” என்றேன். அவள் அம்மாவுக்கு இது எந்த அளவுக்குப் புரிந்ததோ, “டீச்சர்மாரு தப்புன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல” என்று சிரித்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் சுபம். நான் அடுத்த சனிக்கிழமை வீராப்பாகப் போய், “இனிமே எல்லாரும் பைதான்3-ன்னு தட்டுங்க” என்றேன். விண்டோஸ் 10 வைத்திருந்த பையன் தட்டினான். “அக்கா, கடை திறக்குது!” என்றான். உண்மையிலேயே மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்து, பைதான் வாங்கிக்கொள்கிறாயா என்று நின்றது. விண்டோஸில் சாதாரணமாக நிறுவினால் ‘பைதான்’ என்றோ சுருக்கமாக ‘பிஒய்’ என்றோதான் கூப்பிட வேண்டும். ‘பைதான்3’ என்றால் அதற்கு ஆள் தெரியாது, கடையைக் காட்டும். மேக்கிலோ ‘பைதான்3’ என்றால்தான் வரும். ஆக, எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒரு சொல் இல்லை. முதல் பாடத்தின் முதல் சொல்லிலேயே!

அன்றைக்குத்தான் பாடத்தை எழுதும் முறையை மாற்றினேன். பிரின்ட் எடுத்த தாள்களை எல்லாம் திருப்பி வாங்கிக்கொண்டேன். நோட்டில் முதல் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். “உங்க கணினிகிட்டயே கேளுங்க” என்றேன். மூன்று சொற்களையும் ஒவ்வொன்றாகத் தட்டி, கூடவே ‘உன் பதிப்பு என்ன’ என்று கேட்கும் வார்த்தையையும் தட்ட வேண்டும். எது 3 என்று தொடங்கும் எண்ணைச் சொல்கிறதோ, அதுதான் உன் சொல். அதைச் சிவப்பு மையில் எழுதிக்கொள். இனிமேல் பாடத்தில் சிவப்புக் கட்டம் வரும் இடத்தில் எல்லாம் உன் சொல்லைப் போட்டுக்கொள். பக்கத்தில் இருப்பவன் நோட்டைப் பார்க்காதே, அவன் கணினி வேறு.

பிள்ளைகளுக்கு இது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். ஒன்றுமே இல்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் தெரிகிறது. ராஜபாளையம் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். வீட்டு வாசலைத் தாண்டும்போதே மொழி மாறிவிடும். கோப்புகளின் பட்டியலைக் காட்ட விண்டோஸில் ‘டிர்’, லினக்ஸிலும் மேக்கிலும் ‘எல்எஸ்’, திரையைத் துடைக்க அங்கே ‘சிஎல்எஸ்’, இங்கே ‘கிளியர்’ என்று நான் நீட்டி முழக்கி விளக்கியபோது ஒரு பொடியன், “பாட்டிகிட்ட நீள்ளுன்னு கேக்கணும், டீச்சர்கிட்ட தண்ணின்னு கேக்கணும், அதானக்கா?” என்றான். அதற்குமேல் நான் என்ன விளக்க?

விண்டோஸிலேயே பவர்ஷெல் என்று இன்னொரு திரை இருக்கிறது. அதில் ‘எல்எஸ்’ஸும் ‘கிளியர்’ரும் வேலை செய்யும். அதனால் விண்டோஸ் பிள்ளைகளை எல்லாம் அந்தத் திரைக்கு மாற்றினேன். பாதித் தலைவலி அதோடு போனது. மீதிப் பாதி சாய்கோட்டில் இருந்தது.

வீதி, தெரு, வீட்டு எண் என்று முகவரி எழுதுவதுபோல, எந்தக் கோப்பு எந்த அடைவுக்குள் இருக்கிறது என்று எழுதும்போது நடுவில் ஒரு சாய்கோடு போடுவோம். லினக்ஸிலும் மேக்கிலும் அது / என்று வலப்பக்கம் சாயும். விண்டோஸில் \ என்று இடப்பக்கம் சாயும். ஏன் இந்த வம்பு என்று பிள்ளைகள் கேட்டார்கள். 1981-ல் முதலில் வந்த டாஸ் இயங்குதளத்தில் அடைவுகளே கிடையாது. / குறியைக் கட்டளைகளின் கூடுதல் விவரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். 1983-ல் இரண்டாவது பதிப்பில் அடைவுகள் வந்தபோது அந்தக் குறிக்கு ஏற்கெனவே வேலை கொடுத்தாகிவிட்டது. சரி, தலைகீழாகச் சாய்த்துப் போடுவோம் என்று \ போட்டார்கள். நாற்பது வருடத்துக்கு முன் யாரோ எடுத்த அந்த முடிவுக்குச் செண்பகத்தோப்பில் ஒரு பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. நல்ல வேளையாக, பைதானுக்குள் எழுதும்போது விண்டோஸும் / குறியை ஏற்றுக்கொள்ளும். அதனால் நிரலுக்குள் அதை மட்டும்தான் போட வேண்டும் என்று சட்டம் போட்டேன்.

வரி முடிவு விஷயம் இன்னும் வேடிக்கை. லினக்ஸில் எழுதிய கோப்பை பென்டிரைவில் எடுத்து அந்த விண்டோஸ் 7 கணினியின் நோட்பேடில் திறந்தால், இருபது வரி நிரலும் மாலை கோத்த மாதிரி ஒரே வரியாக வந்து நின்றது. இதை விளக்க என் சித்தியைத் தோப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சித்தி அந்தக் காலத்தில் டைப் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் இரண்டும் முடித்தவர். “வரி முடிஞ்சதும் என்ன செய்வீங்க சித்தி?” என்றேன். கையைக் காற்றில் வைத்து ஒரு தள்ளு தள்ளிக் காட்டினார். “இந்தக் கம்பியைத் தள்ளுனா ரெண்டு வேலை நடக்கும். பேப்பர் ஒரு வரி மேல ஏறும். வண்டி முதல் எழுத்துக்குத் திரும்பிடும்.” விண்டோஸ் இன்னும் அந்த இரண்டு வேலைக்கும் இரண்டு குறி போடுகிறது. லினக்ஸ் ஒன்று போதும் என்று விட்டுவிட்டது. பழைய நோட்பேட் இரண்டும் இருந்தால்தான் வரி முடிந்ததாக ஒத்துக்கொள்ளும். 2018-க்குப் பிறகு வந்த நோட்பேடுக்கு இந்தப் பிடிவாதம் இல்லை. சித்தி அன்று முழுக்கப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். “நான் அடிக்கிறப்போ மணி அடிக்கும். இதுல மணி இல்லையே” என்று மட்டும் குறைபட்டுக்கொண்டார்.

இந்தத் தலைவலி எனக்கு மட்டுமா? நாங்கள் தினம் பார்க்கிற இந்த மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. அங்கே அரசுப் பள்ளிகளுக்கு என்றே ஒரு லினக்ஸைத் தயாரித்து, எல்லாப் பள்ளியிலும் அதையே போட்டுவிட்டார்கள். எல்லாரிடமும் ஒரே இயங்குதளம் என்றால் ஒரே பாடம் போதும். விஞ்ஞானிகளுக்கு நிரல் எழுதச் சொல்லிக் கொடுக்க 1998-ல் அமெரிக்காவில் தொடங்கிய ‘சாஃப்ட்வேர் கார்ப்பென்ட்ரி’ என்ற பயிற்சி இன்று பல நாடுகளில் நடக்கிறது. அவர்கள் வேறு வழி பிடித்தார்கள். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் வகுப்புக்கு வருமுன் ஒரு சிறிய மென்பொருளை நிறுவிக்கொள்ள வேண்டும். அதற்குள் லினக்ஸ்காரர்களின் கறுப்புத் திரை அப்படியே வந்துவிடும். பிறகு எல்லாருக்கும் ஒரே கட்டளை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஓரம் உடைந்த விண்டோஸ் 7-லும் போனிலும் நான் எதை நிறுவுவது? கையில் இருப்பதை வைத்துத்தான் சமைக்க வேண்டியிருந்தது.

அதற்கு நான் செய்தது இரண்டு. ஒன்று, கணினிக்குக் கணினி மாறுகிற வேலைகளை எல்லாம் கூடியவரை பைதானுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டேன். அடைவு உருவாக்குவது, கோப்புகளைப் பட்டியலிடுவது எல்லாவற்றையும் பைதானிடமே சொன்னால், அந்தந்தக் கணினிக்கு ஏற்ற மாதிரி அது பேசிக்கொள்ளும். இரண்டாவது, வெள்ளிக்கிழமை சாயங்காலச் சோதனை. மறுநாள் பாடத்தை முதல் நாளே மூன்று பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுவேன். விண்டோஸில் ஒருவன், மேக்கில் ஒருவன், லினக்ஸில் அவள். மூன்று பேரும் ‘ஓடுது’ என்று சொன்னால்தான் சனிக்கிழமை அந்தப் பாடம். எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னால் ஒரு மாம்பழம். பெரியப்பா தோப்பு சப்பட்டை என்றால் சும்மாவா? சில வாரம் பாடத்தில் தப்பே இல்லாமல் போய்விடக் கூடாதே என்று அவர்களே கவலைப்பட்டார்கள்.

அதிக மாம்பழம் ஜெயித்தது அவள்தான். நான் கட்டளைக்கு முன்னால் ‘$’ குறியைப் போட்டுப் பாடம் எழுதியிருந்தேன். அது கணினி தானாகக் காட்டுகிற குறி, தட்டக் கூடாது. “இதைத் தட்டணுமா கூடாதான்னு போடலையேக்கா” என்று அவள் கேட்ட பிறகுதான், இரண்டு பேர் அதையும் சேர்த்துத் தட்டிவிட்டு முழித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. இன்னொரு தடவை, நான் வேர்டில் தட்டியதால் நேராக இருக்க வேண்டிய மேற்கோள் குறிகள் சுருண்டு போயிருந்தன. கண்ணுக்கு அழகு, பைதானுக்கு ஆகாது. கோப்பின் பெயரில் நான் ஒரு எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போட்டிருந்தேன். விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது. எல்லாம் அந்தப் பத்து வருடப் பழைய லேப்டாப்தான் காட்டிக்கொடுத்தது. எது எதற்கு முரண்டு பிடிக்கும் என்று அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது.

பிளஸ் டூ தொடங்கியதும் வகுப்பு ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. பாடப் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் உண்டு. சி++ மொழியில் எழுதிய நிரலைப் பைதானை வைத்தே மொழிமாற்றி, ஓட்டிக் காட்டுவது. அதில் வரும் முகவரிகள் எல்லாம் ‘சி:\’ என்று விண்டோஸ் பாணியில் இருக்கும். உருவாகிற கோப்புக்குக் கடைசியில் ‘டாட் இஎக்ஸ்இ’ என்று விண்டோஸ் வால். புத்தகம் எழுதுகிறவர்கள் ஏதாவது ஒரு கணினியை வைத்துத்தானே எழுத முடியும்? நான் அவளிடம், “இது மட்டும் வேண்டாம், ஸ்கூல் லேப்ல செஞ்சுக்கோ” என்று சொல்ல வாயெடுத்தேன். பழைய புத்தி. நல்ல வேளை, சொல்லவில்லை.

மூன்று நாள் கழித்துப் போன் செய்தாள். “அக்கா, அது ஓடுது. ஆனா ஒண்ணு புரியல. முழு முகவரியும் கொடுத்தா ஓடுது. வெறும் பேரை மட்டும் கொடுத்தா இல்லைங்குது. கோப்பு அங்கேயேதான் இருக்கு!”

எனக்குப் புல்லரித்துவிட்டது. வாலில் ‘டாட் இஎக்ஸ்இ’ என்று இருப்பதைப் பற்றி லினக்ஸுக்குக் கவலையே இல்லை. சிக்கல் வேறு இடத்தில். விண்டோஸின் பழைய கறுப்புத் திரை, ஒரு பெயரைச் சொன்னால் முதலில் தான் நிற்கிற இடத்திலேயே தேடிப் பார்க்கும். லினக்ஸ் அப்படித் தேடாது. தனக்குக் குறித்துக் கொடுத்த இடங்களில் மட்டும் தேடும். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். தெரிந்த கட்டளையின் பெயரில் யாராவது ஒரு விஷமக் கோப்பை நீங்கள் நிற்கும் இடத்தில் போட்டுவிட்டுப் போனால், தெரியாமல் அதை ஓட்டிவிடக் கூடாதே! ‘இதோ, இங்கேதான் இருக்கிறது’ என்று ஒரு புள்ளியும் சாய்கோடும் போட்டுக் காட்டினால் எடுத்துக்கொள்ளும்.

அவள் புள்ளியும் சாய்கோடும் போட்டு நிரலைத் திருத்தினாள். ஓடியது. வெள்ளிக்கிழமை அதை விண்டோஸ் பையனுக்கு அனுப்பினாள். அவனுக்கு ஓடவில்லை, புள்ளி என்று ஒரு கட்டளையே கிடையாது என்றது அவன் திரை. “என்னது ஓடுது, அவனது நின்னுபோச்சு. அன்னைக்கு உங்களுக்கு நடந்த மாதிரியேக்கா” என்றாள். குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். இரண்டு பேரும் வாய்ஸ் மெசேஜிலேயே அரை நாள் மல்லுக்கட்டினார்கள். கடைசியில், பெயரைக் கொடுத்தால் முழு முகவரியைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லிப் பைதானிடமே கேட்டுக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்தார்கள். ஒரே ஒரு வரிதான் கூடுதல். மூன்று கணினியிலும் ஓடியது. அந்த வாரம் மாம்பழ சீசன் முடிந்துபோயிருந்தது. பால்கோவா கொடுத்தேன்.

போன் மட்டும் வைத்திருந்த இரண்டு பேரையும் விட்டுவிடவில்லை. ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் என்ற செயலியைப் போட்டால் அதற்குள்ளும் ஒரு கறுப்புத் திரை உண்டு, பைதானும் நிறுவிக்கொள்ளலாம். சின்னத் திரையில் கட்டை விரலால் அடைப்புக்குறியைத் தேடித் தேடித் தட்டுவதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் கட்டளைகள் பெரும்பாலும் லினக்ஸ் மாதிரியே என்பதால் அவர்களுக்கு டீச்சர் நான் இல்லை, அவள்தான். மரத்தடியில் மூன்று தலைகள் ஒரு போனில் கவிழ்ந்திருக்கும். மேலே நரை அணில் பிஞ்சைக் கடித்துக் கடித்துக் கீபோர்டு மேலேயே போடும்.

போன வருடம் அவளுக்குச் செய்முறைத் தேர்வு. அவளை விட எனக்குத்தான் பதற்றம். ஒரு வருடம் லினக்ஸிலேயே பழகியவள், தேர்வு அறையில் விண்டோஸ் கணினி முன்னால் உட்காரப் போகிறாள். காலையில் கூப்பிட்டு ‘டிர்’, ‘சிஎல்எஸ்’, சாய்கோடு என்று ஒரு பட்டியலே வாசித்தேன். “சரிக்கா, சரிக்கா” என்று கேட்டுக்கொண்டாள்.

மதியம் ஒன்றரை மணிக்கு அவளே கூப்பிட்டாள். எடுத்ததும், “எப்படிம்மா பண்ணுன?” என்றேன்.

“முதல்ல அதுகிட்டயே கேட்டேன்க்கா. அங்க வெறும் ‘பைதான்’ போதும், மூணு வேண்டாம்” என்றாள். “பக்கத்து சீட்டு பிள்ளைக்கு ஓடலைன்னு அழப் பார்த்துச்சு. பேசக் கூடாதே... வெளிய வந்த பிறகுதான் சொன்னேன், மெஷின் மேலயும் தப்பில்ல, உன் மேலயும் தப்பில்லன்னு. ஞாயித்துக்கிழமை தோப்புக்குக் கூட்டிட்டு வரவா?”